நாலாவது வாரம் கசியும் தொப்புள் தையல்: புகை போட்டால் தீருமா?

கேள்வி: தாராபுரம் பக்கம் 25 படுக்கை கொண்ட தனியார் மருத்துவமனையில் தியேட்டர் சிஸ்டராக இருக்கிறேனுங்க. மாதம் ஒருமுறை தியேட்டரில் ஸ்வாப் (பஞ்சுக் குச்சியில் துடைத்த மாதிரி) எடுத்து கோயமுத்தூருக்கு அனுப்புவோம். போன மாதம் தரையிலும் ஏசி கிரில்லிலும் பேசிலஸ் கிருமி வளர்ந்திருப்பதாக ரிப்போர்ட் வந்தது. அதே சமயத்தில், லேப்ராஸ்கோப்பியில் (துளை வழி அறுவை, சுருக்கமாக ‘லேப்’) பித்தப்பை, அப்பெண்டிக்ஸ் எடுத்துக்கொண்ட நாலு பேர் நாலைந்து வாரம் கழித்துத் திரும்பி வந்தார்கள். தொப்புள் தையலில் சின்னக் கட்டி, அதிலிருந்து தண்ணி மாதிரி கசிவு. கல்ச்சர் (கிருமி வளர்ப்புச் சோதனை) அனுப்பினால் ‘வளர்ச்சி இல்லை’ என்றே வருகிறது. ஆன்டிபயாட்டிக் மாற்றி மாற்றிக் கொடுத்தும் ஆறவில்லை. ஒருவருக்கு டி.பி. மாத்திரை ஆரம்பிக்கலாமா என்று பேசிக்கொள்கிறார்கள். சிசேரியன், ஹெர்னியா கேஸ்களில் இந்தத் தொந்தரவு இல்லை. டாக்டர் வாரம் இரண்டு முறை ஃபார்மலின் புகை போடச் சொல்லிவிட்டார். எங்களுக்குக் கண் எரிகிறதே தவிர, பலன் தெரியவில்லை. லேப் சாமான்களை ஒவ்வொரு கேஸுக்கும் நடுவில் சைடெக்ஸ் கிருமிநீக்கக் கரைசலில் 20 நிமிடம் போட்டுத்தான் எடுக்கிறோமுங்க. எங்கே தப்பு நடக்கிறது?

பதில்: சிஸ்டர், பாதி விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். சிசேரியனும் ஹெர்னியாவும் அதே தியேட்டரில், அதே காற்றில், அதே தரையின் மேல்தான் நடக்கின்றன. காற்றுதான் காரணம் என்றால் அந்தப் புண்களும் கெட்டிருக்க வேண்டும். லேப் கேஸ்களுக்கு மட்டும் உரியது எது? டிராக்கார் (வயிற்றுத் துளையில் செருகும் குழாய்), டெலஸ்கோப் (உள்ளே பார்க்கும் குழாய்), கிராஸ்பர் (பிடிக்கும் இடுக்கி), அவற்றைப் போட்டு எடுக்கும் சைடெக்ஸ் தட்டு, பிறகு அலசும் தண்ணீர். தேட வேண்டிய இடம் அந்த மேஜைதான்.

மீதிப் பாதி விடை ‘நாலைந்து வாரம்’ என்பதில் இருக்கிறது. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் புகுந்த புண் ஐந்து முதல் பத்து நாளுக்குள் சிவந்து, சூடாகி, கெட்டியான சீழ் வைக்கும். பித்தநீர் சிந்தி ஈ.கோலை, கிளெப்சியெல்லா பிடித்தாலும் பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்திலேயே தெரிந்துவிடும். தையல் நன்றாக ஆறி, நோயாளி வேலைக்கும் போன பிறகு, காய்ச்சல் இல்லாமல் தொப்புளருகே ஒரு முடிச்சு எழும்பி நீர்த்த கசிவு வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது வேகமாக வளரும் மைக்கோபாக்டீரியங்களை. ஃபார்ச்சூயிட்டம், கெலோனே, அப்செஸஸ் என்பவை அவற்றில் முக்கியமானவை. டி.பி. கிருமிக்கு இவை பங்காளிகள், ஆனால் நோய் வேறு. இருமலில் பரவாது. மேல்தொட்டி, பைப்பின் உள்பக்க வழுவழுப்பு, குழாய் முனைச் சல்லடை என்று தண்ணீர் தேங்கும் இடமெல்லாம் இவை குடியிருக்கும்.

‘வேகமாக’ என்பது டி.பி. கிருமியோடு ஒப்பிட்டுச் சொல்வது. டி.பி.க்கு வாரக்கணக்கு, இவற்றுக்கு மூன்று முதல் ஏழு நாள். சாதாரண சீழ் கல்ச்சரை 48 மணி நேரத்தில் பார்த்து, ஒன்றும் இல்லையென்றால் பரிசோதனைக்கூடம் பிளேட்டை எறிந்துவிடும். உங்களுக்கு வந்த ‘வளர்ச்சி இல்லை’க்கு அதுவே காரணமாக இருக்கலாம். அடுத்த முறை ஸ்வாப் அனுப்பாதீர்கள். கட்டியிலிருந்து ஊசியால் ஒன்றிரண்டு மி.லி. உறிஞ்சுங்கள். சர்ஜன் அந்தப் பாதையை வெட்டி எடுத்தால் திசுவை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு துண்டு சில சொட்டு ஸ்டெரைல் சலைனோடு கல்ச்சருக்கு, இன்னொன்று ஃபார்மலினில் பயாப்சிக்கு. கல்ச்சர் துண்டு தப்பித்தவறி ஃபார்மலின் பாட்டிலில் விழுந்தால் அன்றைய உழைப்பு வீண். படிவத்தில் இப்படி எழுதுங்கள்: “லேப் அறுவைக்குப் பின் நாலாவது வாரப் போர்ட் கசிவு. ஏ.எஃப்.பி. ஸ்டெயின் செய்யவும். பிளேட்டை 7 நாள் வைத்திருக்கவும், ஒன்றை 30 டிகிரியில் வைக்கவும். எல்.ஜே. மீடியத்திலும் போடவும்.” கெலோனே உடல் சூட்டைவிடச் சற்றுக் குளிர்ச்சியில்தான் நன்றாக வளரும், அதற்காகத்தான் அந்த 30 டிகிரி. போர்ட் என்பது டிராக்கார் விட்ட துளை, ஏ.எஃப்.பி. மைக்கோபாக்டீரியத்தைக் காட்டும் சாயம், எல்.ஜே. அது வளரும் ஊடகம். உங்கள் பரிசோதனைக்கூடத்தில் இந்த வசதி இல்லையென்றால் கோவை, பெருந்துறை, திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரிகளின் நுண்ணுயிரியல் துறையில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

டி.பி. மாத்திரைப் பேச்சைக் கல்ச்சர் வரும்வரை நிறுத்தி வைக்கலாம் என்று டாக்டரிடம் தயங்காமல் சொல்லுங்கள். பயாப்சியில் கிரானுலோமா (செல்கள் திரண்ட சின்ன முடிச்சு) என்று வந்ததும் டி.பி. என்று முடிவு கட்டுவது இந்த நோயில் அடிக்கடி நடக்கும் தவறு, ஏனென்றால் இரண்டுமே திசுவில் ஒரே மாதிரி தெரியும். சிபிநாட் என்ற மரபணுப் பரிசோதனை டி.பி. கிருமிக் குடும்பத்தை மட்டுமே கண்டுபிடிக்கும், இவற்றைக் காட்டாது. வழக்கமான டி.பி. மருந்துகள் கெலோனே, அப்செஸஸ் இரண்டையும் அசைக்காது. சிகிச்சை பெரும்பாலும் கிளாரித்ரோமைசினும் அமிகாசினும் சேர்ந்து, உணர்திறன் ரிப்போர்ட்டைப் பார்த்து, மாதக்கணக்கில் போகும். புண் பாதையை வெட்டி எடுப்பதும் பல பேருக்கு வேண்டியிருக்கும். கிளாரித்ரோமைசினைத் தனியாக மட்டும் கொடுத்தால் கிருமி அதற்கும் பழகிக்கொள்ளும். எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை ரிப்போர்ட் கையில் வந்த பிறகு டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இனி அந்த மேஜைக்கு வருவோம். தொப்புளில் போடும் 10 மி.மீ. டிராக்காரை ஒருமுறை முழுசாகக் கழற்றிப் பாருங்கள். மேல் மூடி, அதன் ரப்பர் வாஷர், உள்ளே மடங்கி விழும் வால்வு, வாயு போகும் பக்கக் குழாய். வால்வின் பின்பக்கத்தையும் பக்கக் குழாயின் திருப்பியையும் வெள்ளைத் துணியில் அழுத்தித் துடைத்தால் பழுப்பாக ஒரு பிசுக்கு வரும். காய்ந்த ரத்தமும் கொழுப்பும்தான் அது. கேஸுக்கு நடுவே அவசரத்தில் டிராக்காரைக் கழற்றாமல் சைடெக்ஸில் அமுக்கினால், அதிலுள்ள குளுட்டரால்டிஹைடு அந்த ரத்தத்தைக் கரைக்காது, உலோகத்தோடு ஒட்டவைத்து இறுக்கிவிடும். திசுவைக் கெடாமல் நிலைநிறுத்தப் பரிசோதனைக்கூடங்களில் இதே மருந்தைப் பயன்படுத்துவதும் இந்தக் குணத்துக்காகத்தான். அந்தப் பிசுக்குக்கு அடியில் இருக்கும் கிருமியை 20 நிமிடம் எட்டியும் பார்க்காது.

அந்த 20 நிமிடம் என்பதும் உயர்நிலைக் கிருமிநீக்கம்தான், ஸ்டெரிலைசேஷன் ஆகாது. ஸ்போர் (சில கிருமிகளின் கெட்டி ஓட்டு விதை வடிவம்) சாக 10 மணி நேரம் ஊற வேண்டும். மைக்கோபாக்டீரியத்தின் மெழுகு போன்ற சுவர் மருந்தை எளிதில் உள்ளே விடாது. 2006–07இல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் ஸ்கோப் வழி அறுவை செய்துகொண்டவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சந்தேகக் கேஸ்கள் பதிவாயின. அங்கே பிடிபட்ட மைக்கோபாக்டீரியம் 2% குளுட்டரால்டிஹைடையே தாங்கி நின்றது. அதனால் ‘சரியான நேரம் ஊறவைத்தோம்’ என்பது மட்டும் போதாது.

சைடெக்ஸ் தட்டிலும் சில்லறைத் தவறுகள் நிறைய நடக்கும். பவுடர் கலந்த தேதி தட்டின் மேல் எழுதியிருக்கிறதா? 14 நாள் என்பது உச்ச வரம்பு, அதுவரை வேலை செய்யும் என்று யாரும் உறுதி தரவில்லை. ஈரச் சாமானைப் போடப் போட மருந்து நீர்த்துக்கொண்டே போகும். நாலு லேப் கேஸ் நடந்த நாளில் அது ஒரு வாரத்துக்குள்ளேயே சக்தி இழந்திருக்கலாம். தினமும் காலையில் டெஸ்ட் ஸ்ட்ரிப் முக்கிப் பாருங்கள். அதில் குறித்த அளவுக்கு, பொதுவாக 1.5 சதவீதத்துக்கு, கீழே போனால் அது எத்தனையாவது நாளாக இருந்தாலும் கொட்டிவிட வேண்டியதுதான். 5 மி.மீ. குழாய்களைச் சும்மா அமுக்கினால் உள்ளே காற்று நின்றுவிடும், காற்று நின்ற இடத்தில் மருந்து படாது. சிரிஞ்சால் மருந்தை ஏற்றி, மறுமுனையில் குமிழ் நிற்கும்வரை தள்ளுங்கள்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றைத்தான் நான் அதிகம் சந்தேகிக்கிறேன்: கடைசியாக எதில் அலசுகிறீர்கள்? சின்ன ஆஸ்பத்திரிகளில் வழக்கம் இதுதான். காலையில் ஒரு ஸ்டீல் பேசினில் கொதித்து ஆறிய தண்ணீர் அல்லது ஆர்.ஓ. கேன் தண்ணீர், சாயங்காலம் வரை அதே தண்ணீர். கொதித்த தண்ணீர் ஆறுவதற்குள் குடத்திலும் குவளையிலும் கை படும். ஆர்.ஓ. கேனைக் குடிக்கலாம், வயிற்றைத் திறந்து உள்ளே விடுகிற சாமானை அதில் அலசக் கூடாது. அந்தத் தண்ணீர் சொட்டச் சொட்டத்தான் டிராக்கார் தொப்புளுக்குள் போகிறது. முதல் கேஸின் சாமான்கள் இரவே ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிப் பெட்டியில்) போட்டு எடுத்தவையாக இருக்கும். இரண்டாவது, மூன்றாவது கேஸ்தான் தட்டும் பேசினும் கடந்து வரும். தியேட்டர் ரிஜிஸ்டரை எடுத்து, அந்த நாலு பேரும் அன்றைக்கு எத்தனையாவது கேஸ் என்று பாருங்கள். நாலுமே முதல் கேஸுக்குப் பிந்தியவையாக இருந்தால் உங்கள் டாக்டருக்கு அதைவிடப் பெரிய விளக்கம் தேவைப்படாது.

எதையும் கழுவுவதற்கு முன் மாதிரி எடுத்துவிடுங்கள். எல்லாரும் முதலில் தொட்டியைத் தேய்த்துவிட்டு, பிறகு தண்ணீரைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்புவார்கள். ஸ்க்ரப் குழாய், பேசின் தண்ணீர், மேல்தொட்டி மூன்றிலும் கால் லிட்டர் வீதம் ஸ்டெரைல் பாட்டிலில் பிடித்து, மெம்ப்ரேன் ஃபில்டரில் வடித்து மைக்கோபாக்டீரியம் பார்க்கச் சொல்லுங்கள். குளோரின் உள்ள தண்ணீரென்றால் குளோரினை முறிக்கும் தயோசல்பேட் போட்ட பாட்டிலைப் பரிசோதனைக்கூடத்திலேயே கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் வழியிலேயே கிருமி செத்து ரிப்போர்ட் ‘நல்ல’தாக வந்துவிடும். கழற்றிய பழைய வாஷர் ஒன்றிரண்டையும் சேர்த்து அனுப்புங்கள்.

பிறகு சாமான் கழுவும் முறை. கேஸ் முடிந்த உடனே, ரத்தம் காய்வதற்குள், மூட்டு மூட்டாகக் கழற்ற வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் என்சைம் கரைசல், லேபிளில் உள்ள அளவில் 5 முதல் 10 நிமிடம். சுடுதண்ணீர் வேண்டாம், ரத்தம் வெந்து ஒட்டிக்கொள்ளும். கரைசல் ஒவ்வொரு கேஸுக்கும் புதிது. குழாய் விட்டத்துக்குச் சரியான பிரஷ்ஷை இந்த முனையில் விட்டு அந்த முனையில் எடுக்க வேண்டும். நன்றாக அலசி, உலர்த்தி, உலோக டிராக்கார், கிராஸ்பர், கத்தரி எல்லாவற்றையும் ஆட்டோகிளேவில் போடுங்கள். இன்சுலேஷன் உறையில் கீறல் இருந்தால் அந்தச் சாமானை ஒதுக்கிவிடுங்கள். டெலஸ்கோப்பில் ‘ஆட்டோகிளேவபிள்’ என்று பொறித்திருந்தால் அதுவும் போகலாம். இல்லையென்றால் ஈ.டி.ஓ. (எத்திலீன் ஆக்சைடு வாயு) அல்லது பிளாஸ்மா ஸ்டெரிலைசர். ஈ.டி.ஓ. போட்ட சாமானுக்கு வாயு வெளியேறவே பல மணி நேரம் வேண்டும் என்பதால் அதே நாளில் திரும்பக் கிடைக்காது. கேமரா வயருக்கு ஒவ்வொரு கேஸுக்கும் ஸ்டெரைல் பிளாஸ்டிக் உறை. தியேட்டர் மூலையில் ஃபார்மலின் மாத்திரை போட்ட அக்ரிலிக் பெட்டி இருக்குமே, அதில் வைத்த சாமானை ஸ்டெரைல் என்று எண்ணுவதை இன்றே விட்டுவிடுங்கள்.

இப்படிச் செய்தால் கேஸுக்கு நடுவே நேரம் போதாது என்பார்கள். நியாயம்தான். அதற்கு என் பதில் ஒன்றுதான்: கையில் எத்தனை செட் இருக்கிறதோ, அன்றைக்கு அத்தனை லேப் கேஸ். இரண்டாவது செட்டின் விலை நிர்வாகத்துக்குக் கசக்கும். ஆறு மாதம் மருந்து சாப்பிடும் நோயாளி வாரா வாரம் ரிசப்ஷனில் வந்து உட்காரும்போது அதைவிடக் கசக்கும். டெலஸ்கோப்புக்கு வேறு வழியே இல்லாமல் கரைசலில்தான் போட்டாக வேண்டும் என்ற நிலை வந்தால், அலசுவது மட்டும் ஸ்டெரைல் தண்ணீரில், மூன்று தடவை, மூன்றும் புதுத் தண்ணீர். சீல் உடைக்காத இர்ரிகேஷன் பாட்டில் வாங்கலாம். நீங்களே ஆட்டோகிளேவ் செய்தால் ஒரு லிட்டர் பாட்டிலுக்கு 15 நிமிடம் போதாது, 121 டிகிரியில் 45 நிமிடமாவது விடுங்கள். அழுத்தம் தானாக இறங்கும்வரை மூடியைத் திறக்கக் கூடாது, பாட்டில் வெடிக்கும்.

ஆட்டோகிளேவையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். பேக்கில் ஒட்டும் டேப்பில் கோடு கறுத்தால் பேக் சூடு பட்டது என்று மட்டும்தான் அர்த்தம், உள்ளே நீராவி புகுந்ததற்குச் சாட்சி இல்லை. டிரம்மின் ஓட்டைகளைத் திறக்காமல் உள்ளே வைத்தாலும் மேலே ஒட்டிய டேப் கறுக்கத்தான் செய்யும். பேக்கின் நடுவில் நீராவி புகுந்ததைக் காட்டும் ஒரு இன்டிகிரேட்டர் ஸ்ட்ரிப், வாரம் ஒருமுறை ஸ்போர் சாகிறதா என்று பார்க்கும் ஜியோபேசிலஸ் டெஸ்ட், வேக்குவம் மெஷின் என்றால் காலையில் முதல் வேலையாகக் காற்று முழுசாக வெளியேறுகிறதா என்று பார்க்கும் போவி-டிக் டெஸ்ட். துணி சுற்றிய சாமானுக்கு, சாதாரண ஆட்டோகிளேவில், 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தத்தில் 30 நிமிடம். வெப்பம் 121ஐத் தொட்ட பிறகுதான் கணக்கை ஆரம்பிக்க வேண்டும். சிறுவாணித் தண்ணீர் வரும் ஆஸ்பத்திரிகளுக்கு இல்லாத ஒரு தலைவலி நம் பக்கத்துப் போர்வெல்லுக்கு உண்டு. உப்புத் தண்ணீர் ஹீட்டர் காயிலில் அடையாகப் படியும், வால்வை அடைக்கும், சாமானில் வெள்ளைத் திட்டு விடும். ஆட்டோகிளேவுக்கு ஆர்.ஓ. தண்ணீரே ஊற்றுங்கள். சூட்டோடு எடுத்த பேக்கைக் குளிர்ந்த ஸ்டீல் மேஜையில் வைத்தால் அடியில் வேர்க்கும். ஈரமான பேக் ஸ்டெரைல் இல்லை.

மேல்தொட்டியைத் தேய்த்துக் கழுவி நிரப்பிய பின், 1000 லிட்டருக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடரைத் தனி வாளியில் கரைத்து, தெளிவை மட்டும் ஊற்றி, எல்லாக் குழாயிலும் குளோரின் வாசனை வரும்வரை திறந்துவிட்டு, 4 மணி நேரம் நிறுத்தி, பிறகு கொட்டுங்கள். குழாய் முனைச் சல்லடைகளைக் கழற்றிவிடலாம். இவ்வளவு செய்தாலும் மைக்கோபாக்டீரியம் குளோரினை ஓரளவு தாங்கும். தொட்டி சுத்தமாகிவிட்டது, இனிக் குழாய்த் தண்ணீரில் அலசலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பேசிலஸ் ரிப்போர்ட்டைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அது தூசியில் இருக்கும் ஸ்போர். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று அடிக்கிற மாதங்களில் தாராபுரத்தில் எந்தத் தரையில் ஸ்வாப் எடுத்தாலும் பேசிலஸ் வரும். தரையிலும் கிரில்லிலும் மாதாமாதம் ஸ்வாப் எடுப்பதால் நோயாளிக்கு ஒரு பலனும் இல்லை. தொற்று வந்தால், சந்தேகப்படும் இடத்தில் எடுப்பதுதான் உருப்படியான ஸ்வாப். அந்தச் செலவை ஸ்போர் டெஸ்டுக்குத் திருப்புங்கள். தூசி உள்ளே வருகிறதா என்று பார்க்கப் பரிசோதனைக்கூடம் வேண்டாம். தியேட்டர் கதவை விரல் அகலம் திறந்து, டிஷ்யூ பேப்பர் கீற்று ஒன்றைப் பிடியுங்கள். அது வராண்டா பக்கம் பறக்க வேண்டும். உங்கள் பக்கம் பறந்தால் வெளிக்காற்றை இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் எக்ஸாஸ்ட் ஃபேன்தான் காரணமாக இருக்கும், கேஸ் நடக்கும்போது அதை நிறுத்துங்கள். ஸ்பிளிட் ஏசி அறைக் காற்றையே சுற்றிச் சுற்றி விடும், புதுக்காற்றும் தராது, கிருமியை வடிக்கவும் செய்யாது. தியேட்டருக்கு மணிக்கு 20 காற்று மாற்றம், அதில் 4 வெளிக்காற்று, ஹெப்பா வடிகட்டி, வராண்டாவைவிட 2.5 பாஸ்கல் கூடுதல் அழுத்தம் என்பது மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் என்.ஏ.பி.எச். வாரியம் சொல்லும் கணக்கு. நிர்வாகம் தியேட்டரைப் புதுப்பிக்கும்போது இதைக் கேளுங்கள். ஆனால் இந்த நாலு தொப்புளுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஃபார்மலின் புகையை நிறுத்தச் சொல்ல உங்களுக்குக் காரணம் வேண்டுமென்றால் இரண்டு இருக்கின்றன. ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004லேயே வகைப்படுத்திவிட்டது. இரண்டாவது, புகை தியேட்டர் சுவரைத் தொடும், டிராக்கார் வால்வின் பின்பக்கத்துக்கு வராது. அதற்குப் பதில் ஒவ்வொரு கேஸுக்கும் இடையில் மேஜை, லைட் கைப்பிடி, டிராலி, மானிட்டர் பொத்தான்களை டிடர்ஜென்டால் துடைத்துவிட்டுக் கிருமிநாசினி போடுங்கள். ரத்தம் சிந்திய இடத்தில் 1% ஹைப்போகுளோரைட்: கேனில் 5% என்று இருந்தால் ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர். நம்மூர் வெயிலில் கேனிலேயே அதன் சக்தி இறங்கும், நிழலில் வையுங்கள், கரைசலை அன்றன்றைக்குக் கலக்குங்கள். டாய்லெட் ஆசிட்டோடு மட்டும் கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு வரும்.

லேப் ஆபரேஷனை மட்டும் இந்த மாற்றங்கள் முடியும்வரை நிறுத்துங்கள், சிசேரியனும் ஹெர்னியாவும் நடக்கட்டும். கடந்த மூன்று மாதத்தில் லேப் செய்துகொண்ட எல்லாரையும் போனில் கூப்பிடுங்கள். “நல்லா இருக்கீங்களா” என்று கேட்டால் “நல்லா இருக்கறனுங்க” என்றுதான் பதில் வரும். “தொப்புள்கிட்ட கைய வெச்சுப் பாருங்க, முடிச்சு மாதிரி ஏதாச்சும் தட்டுப்படுதுங்களா? துணியில ஈரம் ஒட்டுதுங்களா?” என்று கேளுங்கள். ஒரு நோட்டில் பெயர், தேதி, அன்றைய எத்தனையாவது கேஸ், எந்த செட், எதில் அலசியது என்று கோடு போட்டு எழுதிவாருங்கள். மறுபடி லேப் ஆரம்பித்த பிறகு ஒவ்வொருவருக்கும் 30ஆம் நாளும் 90ஆம் நாளும் இதே கேள்விகளோடு ஒரு போன்.